சேவைக்கு முந்தின மனுசன்

ஒலுவில்
2023 பெப்ரவரி 7

ஆகிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எண்ட கையெழுத்தக் கண்டவுடன கிழிச்சுப் போட்டிராத. ஒரு அலுவலாத்தான் எழுதுறன். என்னட்டப் போன் இல்லையெண்டு உனக்குத் தெரியும். காதுல வெச்சுக் கதைக்கிற ஒண்டும் எனக்குச் சரிவாறதில்ல.

நான் இப்பவும் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஐஸ் பெக்டரியிலதான் காவல். பின்பக்கத்துல ஒரு அறை தந்திரிக்காங்க. மெசின் ஓடினா ஆக்கள் கதைக்கிறது கேக்காது. அது எனக்கு நல்லம்.

விஷயம் இதுதான். ஆமியில வருத்தமெண்டு சொல்லி விலத்தின ஆக்கள்ற கோப்புகளத் திரும்பப் பார்க்கிறாங்களாம். சம்மாந்துறை ஜுனைட் வந்து சொன்னான். என்னோட ஒரே காம்ப்பில இருந்தவன், உனக்கு ஞாபகமிருக்கும், சிபானாக்குப் பொம்மை கொண்டு வந்தவன். அவன்ட பேப்பர்ல 'மனநிலை சரியில்லை' எண்டு இருந்தத 'முள்ளந்தண்டு வருத்தம்' எண்டு மாத்தி எடுத்துட்டான்.

எண்ட பேப்பர்ல என்ன கிடக்கெண்டு நான் உனக்கு ஒருநாளும் சொல்லல்ல. சிங்களத்துல இருக்கு. தமிழ்ல சொன்னா, 'சேவைக்கு முன்பிருந்தே உள்ள குணக்கோளாறு. படைக்குப் பொருத்தமற்றவர்.' அதாவது பைத்தியம். அதுவும் ஆமிக்கு வரக்குள்ளயே பைத்தியமா வந்தவன். அவங்களுக்கு அதுல ஒரு பங்கும் இல்ல.

எனக்கு இடது காது மந்தம். அதுக்கு டாக்குத்தர்ட துண்டு இருக்கு. காது வருத்தத்தாலதான் விலத்தினது எண்டு மாத்தலாமாம். ஆனா ஆமிக்குப் போக முந்தி என்னத் தெரிஞ்ச ஒராள் கையெழுத்து வைக்கணும். முந்தியும் பிந்தியும் இவருக்கு மன வருத்தம் ஒண்டும் இருக்கல்ல, காதுதான் குறை எண்டு. உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிட்டாங்க. நீ மட்டும்தான் இருக்கிறா.

கையெழுத்து வைக்கிற போம் இதோட இருக்கு. பென்சில் அடையாளம் போட்ட இடத்துல வெச்சு அனுப்பு.

மிஹ்லார்


நிந்தவூர்
பெப்ரவரி 14

சிபானாட வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

தபால்காரர் பெல் அடிக்கக்குள்ள கரண்ட் பில்தான் எண்டு ஓடிப்போனன். "ஊரெல்லாம் வாட்ஸப்புல கதைக்கிது, ஒங்களுக்கு ஆரு ராத்தா கடிதம் போடுற?" எண்டு கேட்டார். எண்ட மாப்பிள்ளதான் எண்டு சொல்ல எனக்கு வெக்கமாப் போச்சு. ஒலுவில் என்ன லண்டன்லயா இருக்கு? இஞ்ச பஸ் ஏறினா வேர்வை காய முந்தி வந்துரலாம்.

நீங்க கேக்கல்ல, நானே சொல்றன். நான் நல்லா இருக்கன். அபாயா தைக்கிறன், கல் ஒட்டிக் குடுக்கிறன். சிபானாவும் அவள்ற மாப்பிள்ளையும் கட்டாருக்குப் போனதுக்குப் பிறகு வீட்டுல நானும் மெசினும்தான்.

போமப் பக்கத்து வீட்டுக் கமீலா ராத்தாட மாப்பிள்ளைக்கிட்டக் காட்டினன். அவர் சமாதான நீதவான்தானே, சிங்களத்தையும் வாசிச்சுச் சொன்னார். நான் இதுல கையெழுத்து வைக்க மாட்டன்.

முந்தி ஒண்டும் இருக்கல்ல. அது சத்தியம். எந்த நீதவானுக்கு முன்னாலயும் வந்து நிண்டு சொல்லுவன். பிந்தியும் ஒண்டும் இருக்கல்லையெண்டு எப்பிடிச் சொல்ற? நீங்க சோறு தின்னக்குள்ள பீங்கான்ல கரண்டி பட்டாக் கூட நெஞ்சப் புடிச்சிட்டு எழும்புவீங்களே, அது காது வருத்தமா? ரீவி போனது, ரேடியோ போனது, பக்கத்து வீட்டுப் புள்ளைகள் எங்கட வளவுக்கு வாறது நிண்டது. சிபானா வாயப் பொத்திட்டுச் சிரிக்கப் பழகினாள். இப்பவும் அப்பிடித்தான் சிரிக்கிறாள். அவள்ற மாமி கேட்டாவாம், பல்லுல ஏதும் குறையா புள்ளைக்கு எண்டு.

அவள் குர்ஆன் ஓதி முடிச்ச அண்டைக்கு நடந்தத நான் எழுதத் தேவல்ல. வீடு நிறைஞ்ச சனம். புள்ள மைக்கப் புடிச்சு வாயத் திறந்தாள். நீங்க வயர இழுத்து எறிஞ்சு போட்டு வெறுங்காலோட கடற்கரைக்கு ஓடினீங்க. சனம் சிரிச்சிச்சு. நான் சிரிச்ச ஆக்களுக்கு வட்டிலப்பம் வெட்டிக் குடுத்தன்.

அதுக்குப் பிறகு நீங்களாத்தான் போன. ஒரு சொல்லும் சொல்லாமப் போன. எங்கட பக்கத்துல வீடு பொம்புளைக்குத்தானே எழுதுற, அதால ஊர் என்ன சொன்ன தெரியுமா? ஆகிலா மாப்பிள்ளைய வெளியாக்கிட்டாள் எண்டு. கலியாண வீட்டுக்குப் போனா எனக்குப் பக்கத்துல இருக்கப் பயப்படுறாளுகள்.

இப்ப ஒண்டுமே நடக்கல்லையெண்டு நான் கையெழுத்து வைக்கணும். அப்ப நான் இவ்வளவு காலமும் எதோட சீவிச்ச?

ஆகிலா


ஒலுவில்
பெப்ரவரி 20

ஆகிலா,

நீ எழுதினதுல பொய் ஒண்டும் இல்ல. ஆனா எல்லாத்தையும் எனக்கே திருப்பி எழுதத் தேவல்ல. நான் அதுக்குள்ளதான் இருந்தன்.

இஞ்ச துறைமுகத்துல எனக்கு வெச்சிரிக்கிற பேர் தெரியுமா? மெண்டல் ஆமி. ஐஸ் ஏத்த வாற லொறிக்காரங்க புதுசா வாற ஆளுக்கு அப்பிடித்தான் என்னக் காட்டிக் குடுப்பாங்க. "மெண்டல் ஆமிட்டக் கேளுங்க, கேற்றத் திறப்பார்." சிலநேரம் பின்னால வந்து தகரத்துல தட்டிப் பார்ப்பாங்க, நான் என்ன செய்யிறன் எண்டு. காது கேளாத மனுசனுக்கு ஒருத்தரும் அப்பிடிச் செய்யிறல்ல. காது கேளாட்டிப் பக்கத்துல வந்து கதைப்பாங்க.

நான் மௌத்தானாலும் அந்தப் பேப்பர் கிடக்கும். சிபானாட புள்ளைகள் ஒருநாள் தேடினா அதத்தான் காணும்.

ஜுனைட்ட பொண்சாதி ஒரு கேள்வியும் கேக்காமக் கையெழுத்து வெச்சாளாம்.

மிஹ்லார்


நிந்தவூர்
மார்ச் 1

சிபானாட வாப்பாவுக்கு,

ஜுனைட்ட பொண்சாதி நல்ல பொம்புள. நான் நல்ல பொம்புள இல்ல. போமத் திருப்பி அனுப்பல்ல, அலுமாரியில வெச்சிரிக்கன்.

உங்களக் கூப்பிடுற பேரக் கேட்டுப் போட்டு எனக்குச் சோறு இறங்கல்ல. அதையும் சொல்லிப் போடுறன்.

ஆனா ஒண்டு கேக்கிறன். ஆமியால வந்து இந்த வீட்டுல எவ்வளவு காலம் இருந்தீங்க? வேர்வையில நனைஞ்ச பாய நான்தான் காயப் போட்டன். நித்திரையில ஆருக்கோ பதில் சொல்லுவீங்க, அதும் சிங்களத்துல. நான் பக்கத்துல முழிச்சுட்டுக் கிடப்பன். என்னத்தக் கண்டீங்க, என்னத்தக் கேட்டீங்க எண்டு ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்க சொல்லல்ல. கேட்டா எழும்பி வெளிய போயிருவீங்க. இவருக்கு அங்க வேற குடும்பம் இருக்கு எண்டு கூட நான் நினைச்சிரிக்கன்.

இப்பச் சொல்லுங்க. சொன்னா, நீங்க கேட்ட இடத்துல கையெழுத்து வெச்சுத் தாறன். அல்லாஹ்ட காவலா.

நோன்பு வருது. சஹருக்கு ஆரு சமைச்சுத் தாற உங்களுக்கு?

ஆகிலா


ஒலுவில்
மே 2

ஆகிலா,

நோன்பு முழுக்க எழுதி எழுதிக் கிழிச்சன். பெருநாள் தொழுகைக்கு நிந்தவூருக்கு வரலாம் எண்டு உடுப்பும் போட்டன். பள்ளியில ஸ்பீக்கர் கிடக்கும் எண்டு நினைப்பு வர, இஞ்சயே அறைக்குள்ள தொழுதன்.

சஹருக்குப் பாணும் பிளேன்ரீயும். அது போதும்.

நீ கேட்டதச் சொல்றன். நாங்க செய்த வேலைய வெளிய கதைக்கக் கூடாது எண்டு எழுதி வாங்கினவங்க. பொண்சாதிக்கும் சொல்லக் கூடாது. இப்ப அதப் பத்தி எனக்குக் கவலையில்ல.

நான் சண்டைக்குப் போகல்ல. வவுனியாவுக்கு அங்கால ஒரு காம்ப். அதுல ஒரு கொட்டில், மேசை, வயர்லெஸ் பெட்டி, காதுல ஹெட்போன். இயக்கத்துப் பொடியனுகள் தங்களுக்குள்ள கதைக்கிறதக் கேட்டு எழுதிச் சிங்களத்துல எங்களுக்கு மேல இருந்த ஆபீசர் சேருக்குக் குடுக்கிற. அதுக்குத்தான் தமிழ் தெரிஞ்ச எங்கள எடுத்த. யாழ்ப்பாணப் பேச்சு, வன்னிப் பேச்சு கேக்க வேற ஆக்கள் இருந்தாங்க. எங்கட கிழக்குக் கரைப் பேச்சு வந்தா எனக்கிட்டத் தருவாங்க.

ஒரு பொடியன் இருந்தான். பேர் தெரியா. வயர்லெஸ்ஸுல பேர் சொல்ல மாட்டாங்க, நம்பர்தான். ஆனா அவன் வாயத் திறந்தவுடன எனக்கு விளங்கிட்டு. "மறுகா கதைக்கிறன்" எண்டான். பிறகு எண்டதுக்கு மறுகா எண்டு வேற எந்த ஊரான் சொல்லுவான்? திருக்கோவில் பக்கத்து ஆளாத்தான் இருக்கணும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஊருக்குப் போக லீவு கேட்டு நிண்டான், குடுக்கல்ல. அவன்ட குரல் அப்பத்தான் உடைஞ்சு முடிஞ்சிரிந்திச்சு.

காலையில முதல்ல அவன்தான் வருவான். அடுத்த காம்ப்பில இருக்கிறவனக் கூப்பிட்டு, "சாப்பிட்டயா மச்சான்?" எண்டு கேப்பான். அப்பிடித்தான் அவன் பெட்டி வேலை செய்யிதா எண்டு பார்க்கிற. நான் இஞ்ச இருந்து மனசுக்குள்ள பதில் சொல்லுவன், ஓம் மச்சான், இண்டைக்கும் பருப்புத்தான் எண்டு. அவனுக்குக் காய்ச்சல் வந்தா எனக்குத் தெரியும். அவன்ட அம்மாக்கு ஆஸ்துமா எண்டு தெரியும். எனக்கு அந்தக் காம்ப்பில கூட இருந்த ஆக்களோட பேச்சுக் குறைவு. நான் கதைச்ச ஆள் அவன்தான். அவனுக்கு நான் இருக்கிறதே தெரியா.

ஒரு நாள் அவன் அவசரத்துல இடத்தச் சொல்லிப் போட்டான். சொல்லக் கூடாதது, புதுப் பொடியன்தானே. நான் எழுதினன். எழுதாம விட்டாப் பக்கத்துல கேக்கிறவன் எழுதுவான். எண்ட வேலை அது. கொஞ்சத்தால ஷெல் போச்சு.

மற்ற நேரங்கள்ல ஷெல் போனா அந்தக் குரல் நிண்டு போகும், அவ்வளவுதான். இவன்ட கை கதைக்க அமத்துற பட்டன்லயே கிடந்திரிக்கி. பெட்டி திறந்தபடி. பின்னேரம் வரைக்கும் கேட்டிச்சு, ஆகிலா. சேர் வந்து "என்ன சொல்றான்?" எண்டு கேட்டார். "தண்ணி கேக்கிறான் சேர்" எண்டன். மறுகாவும் கேட்டார். "அம்மாவக் கூப்பிடுறான் சேர்" எண்டன். "எழுது" எண்டார். எழுதினன். கழட்டிப் போட்டு எழும்பு எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. எனக்கும் கழட்டத் தோணல்ல. நான் கழட்டிட்டா அவனோட ஒருத்தரும் இல்ல.

எண்ட நித்திரையில நீ கேட்ட சிங்களம் அதுதான்.

விலத்த முந்தி ஆமி ஆஸ்பத்திரியில வெச்சு விசாரிக்கக்குள்ள இதையெல்லாம் நான் சொல்லல்ல. சொல்லவும் கூடாது. சின்ன வயசிலயும் இப்பிடித் தனியாத்தான் இருப்பியா எண்டு டாக்குத்தர் கேட்டார். ஓம் எண்டன். ஆக்களோட சேர மாட்டியா எண்டார். ஓம் எண்டன். அந்த அறையால வெளிய போனாப் போதும் எண்டு எல்லாத்துக்கும் ஓம் எண்டன். அதத்தான் எழுதியிரிக்காங்க.

காது வருத்தம் எண்டு நான் கேட்டது முழுப் பொய்யில்ல. காதுக்குள்ளாலதான் வந்திச்சு.

சொல்லிட்டன். இனி நீ கையெழுத்து வெச்சாலும் சரி, வெக்காட்டியும் சரி.

மிஹ்லார்


நிந்தவூர்
மே 11

மச்சான்,

இப்பிடி உங்களக் கூப்பிட்டு எவ்வளவு காலம்.

கடிதம் வந்த அண்டைக்கு ஒரு கலியாண அபாயா அவசரமாக் குடுக்க இருந்திச்சு. வாசிச்சுப் போட்டு மெசினுக்கு முன்னால இருந்தன். பொண்ணுட உம்மா வந்து கதவத் தட்டி, தட்டி, திரும்பிப் போனாவாம். எனக்குக் கேக்கல்ல.

அண்டைக்கே இதச் சொல்லியிரிந்தா நான் அந்த வீட்டுல என்னத்தச் செய்திரிப்பன் எண்டு தெரியா. ஒண்டும் செய்திருக்க மாட்டன். ஆனா பக்கத்துல வேற மாதிரிக் கிடந்திரிப்பன்.

அந்தப் பொடியனப் பத்தித்தான் யோசிக்கன். அவன்ட தாய் உசிரோட இருந்தா, பஸ்ஸுல போற தூரத்துலதான் இருப்பா. மகன் எங்க போனான், எப்பிடிப் போனான் எண்டு தெரியாம. அவன் தன்னக் கூப்பிட்டத ஒராள் கடைசி வரைக்கும் கேட்டுட்டு இருந்தார் எண்டு அவவுக்குத் தெரியா. தெரிஞ்சா நல்லமா கெட்டதா எண்டும் எனக்குத் தெரியல்ல.

சொன்ன சொல் மாற மாட்டன். போம்ல கையெழுத்து வெச்சிட்டன், இதோட இருக்கு.

ஆனா இன்னொண்டும் வெச்சிரிக்கன். நானா எழுதினது. கமீலா ராத்தாட மாப்பிள்ளை சீல் அடிச்சுத் தந்தார். அதுல இப்பிடித்தான் எழுதியிரிக்கன்:

'இவர் என்னை 1996இல் கலியாணம் முடித்தார். அப்போது இவர் கதைத்தால் எங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கும் கடைக்காரருக்கும் கேட்கும். நாவிதன்வெளியில் எங்கள் வயல் வெட்ட வருகிற கூலிக்காரர், மிஹ்லார் நானா நிற்கிறாரா என்று கேட்டுப் போட்டுத்தான் வருவார்கள், சிரித்துக்கொண்டே வேலை செய்யலாம் என்று. உழவு மெசினில் இருந்து பாட்டுப் படிப்பார், ராகம் ஒன்றும் சரியில்லை. எனது உம்மா இவருடைய வாய்க்குப் பூட்டுப் போடச் சொல்லுவா. படுத்தால் உடனே நித்திரை. மகள் பிறந்தபோது பிள்ளையின் காதுக்குள் மெதுவாகப் பாங்கு சொல்லச் சொன்னோம், இவர் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி சொன்னார், நர்ஸ் ஏசினா. 1999இல் ஆமிக்குப் போனவர் அவர். 2007இல் திரும்பி வந்தவர் வேறு ஆள். வந்த ஆளுக்கு என்ன வருத்தம் என்று டாக்குத்தர்மார்தான் சொல்ல வேண்டும். எப்போது வந்தது என்று நான் சொல்லுவேன். நான் அவரோடு இருந்தவள்.'

ரெண்டும் உங்கட கையில. விருப்பமானதக் குடுங்க. காது எண்டு எழுதினா உங்களுக்குப் பேர் மாறும், அது எனக்கு விளங்கிது. ஆனா அந்தப் பொடியன் ஒரு இடத்துலயும் இல்லாமப் போயிருவான் மச்சான். நானும் இல்லாமப் போயிருவன்.

கோபமில்லாமத்தான் எழுதுறன்.

ஆகிலா


ஒலுவில்
ஜூலை 16

ஆகிலா,

விசாரணைக்குக் கொழும்புக்குப் போய் வந்துட்டன். ஜுனைட் கூட வந்தான். போற வழியெல்லாம் காதுப் போமக் குடு, காதுப் போமக் குடு எண்டுதான் சொல்லிட்டு வந்தான். ரெண்டும் எண்ட சேட் பொக்கட்டுல இருந்திச்சு.

மேசைக்கு அங்கால மூணு பேர். ரெண்டு பெரிய ஆக்கள், ஒரு டாக்குத்தர் அம்மா. தமிழ் தெரிஞ்ச ஒரு பொடியன மொழிபெயர்க்க வெச்சிரிந்தாங்க. எனக்குச் சிங்களம் தெரியும், ஆனாலும் அவன் வழியாத்தான் கதைக்கணுமாம். அவன் இருந்த கதிரையப் பார்த்தன், நானும் முந்தி அப்பிடி ஒரு கதிரையிலதான் இருந்தன். என்னத்தக் கொண்டு வந்த எண்டு கேட்டாங்க. கை உண்ட துண்டத்தான் எடுத்திச்சு.

அந்தப் பொடியன் அத வாசிச்சான். வாசிச்சு வாசிச்சுச் சிங்களத்துல சொன்னான். உழவு மெசின்ல பாட்டுப் படிச்ச இடத்துல ஒரு பெரிய ஆளுக்குச் சிரிப்பு வந்திட்டு. கெட்ட சிரிப்பில்ல. டாக்குத்தர் அம்மா என்னப் பார்த்துக் கேட்டா, "இந்த மனுசன் நீங்களா?"

அப்பிடி ஒரு ஆள் இருந்தானா எண்டு நானே மறந்து போயிட்டன் ஆகிலா. அவங்க எழுதி வெச்சதத்தான் நானும் நம்பிட்டு இருந்திரிக்கன், சின்ன வயசிலருந்தே நான் இப்பிடித்தான் எண்டு.

பிறகு அந்தக் கொட்டில் கதையச் சொன்னன். பொடியனையும் சொன்னன். மொழிபெயர்க்கிறவன் ஒரு இடத்துல நிப்பாட்டிட்டுத் தண்ணி குடிச்சான். டாக்குத்தர் அம்மா, "இத அப்பவே ஒருத்தரும் கேக்கல்லையா?" எண்டா. கேக்கல்ல எண்டன். முடிவு தபால்ல வருமாம்.

பஸ்ஸுல வந்து ஒலுவிலுக்குப் போகாம நிந்தவூர்ல இறங்கினன். வீட்டு ஒழுங்கைக்குள்ள வந்து, கேற்றுக்கு எதிர்ப்பக்கம், மதிலோரம் நிண்டன். மெசின் சத்தம் கேட்டிச்சு. தையல் மெசின் சத்தம் எனக்கு ஒண்டும் செய்யல்ல. அதச் சொல்லணும் எண்டு நினைச்சன். மறுகா அடுத்த பஸ்ஸ எடுத்துப் போயிட்டன்.

மிஹ்லார்


நிந்தவூர்
ஜூலை 20

மச்சான்,

நான் கண்டன்.

யன்னல் சீலைக்குப் பின்னால இருந்து பார்த்தன். மெலிஞ்சு போயிட்டீங்க. மதிலோரம் வெயிலுக்குள்ள நிண்டீங்க, நான் மெசின நிப்பாட்டாம மிதிச்சன், ஒண்டையும் தைக்காம, சும்மா. நிப்பாட்டினா நீங்க போயிருவீங்க எண்டு நினைச்சன்.

கூப்பிட நினைச்சன். சத்தமாக் கூப்பிட்டா உங்களுக்குப் பிடிக்காதே. மெதுவாக் கூப்பிட்டாக் கேக்காது.

ஆகிலா


ஒலுவில்
ஒக்டோபர் 4

ஆகிலா,

முடிவு வந்திரிக்கி. தபால் கந்தோருல நிண்டே பிரிச்சன்.

'சேவைக்கு முன்பிருந்தே உள்ள' எண்டத வெட்டிப் போட்டாங்க. குணக்கோளாறு எண்டதையும் வெட்டிட்டாங்க. இப்ப இருக்கிறது: 'சேவையின்போது, சேவையின் காரணமாக ஏற்பட்ட மனப்பாதிப்பு.' கீழ கையெழுத்து, சீல். கண்டியில ஒரு டாக்குத்தர்ட்ட மாசத்துக்கொருக்கா காட்டலாமாம், விரும்பினா. போகலாம் எண்டு நினைக்கன்.

ஜுனைட்டுக்குக் காட்டினன். "மடையா, மனம் எண்ட சொல்லு இன்னும் கிடக்கே" எண்டான். அவனும் சும்மா போகல்ல. கேற்றடியில கொஞ்சம் நிண்டு, "நான் முள்ளந்தண்டு எண்டு மாத்தினதுக்குப் பிறகு எனக்கு என்ன நடந்ததெண்டு கேக்க ஒரு டாக்குத்தரும் இல்லடா" எண்டு போட்டு மோட்டச்சைக்கிள எடுத்தான்.

இஞ்ச ஒண்டும் மாறல்ல. லொறிக்காரனுக்கு நான் மெண்டல் ஆமிதான். அவனுக்கு முன்னால பேப்பர விரிச்சுக் காட்ட ஏலுமா? இது வந்தா அண்டைக்கே ஏதோ நடக்கும் எண்டு நினைச்சிரிந்தன். வாசிச்சு முடிச்சன், மடிச்சு வெச்சன், கேற்றுக்குப் போய் நிண்டன். சொல்ல ஒராள் வேணும் போல இருந்திச்சு. அதான் எழுதுறன்.

உண்ட துண்டு இல்லாட்டி இது வந்திராது.

மிஹ்லார்


நிந்தவூர்
ஒக்டோபர் 12

மச்சான்,

அல்ஹம்துலில்லாஹ். வாசிச்சு அழுதன். மறுகா ரெண்டு ரக்அத் தொழுதன்.

இதுக்குள்ள ஒரு விஷயம். சிபானாக்கு இது எட்டாம் மாசம். உங்களுக்கு நான்தான் சொல்லணும் எண்டு அவள் விட்டுட்டாள், நானும் பிந்திட்டன், பொறுத்துக் கொள்ளுங்க. அவள்ற மாப்பிள்ளை டிக்கட் போட்டிரிக்கார். இந்த மாசக் கடைசியில நான் கட்டாருக்குப் போறன். நாலு மாசமளவுல நிப்பன்.

நீங்க எழுதின முடிவ அவளுக்குப் போன்ல வாசிச்சுக் காட்டினன். பொடியன்ட கதையையும் சொன்னன். "வாப்பா ஏன் எங்களுக்குச் சொல்லல்ல?" எண்டாள். "உனக்கு அப்ப எட்டு வயசு, என்னத்தச் சொல்ற?" எண்டன்.

வீடு பூட்டிக் கிடந்தா மாரி மழையோட கூரை ஒழுகும், பார்க்க ஆளில்ல. திறப்பக் கமீலா ராத்தாட்டக் குடுத்துட்டுப் போறன். நீங்க வந்து இருங்க. வேலைக்கு இஞ்ச இருந்து பஸ்ஸுல போய் வரலாம்தானே.

நான் இருக்கக்குள்ள வாங்க எண்டு எழுதத்தான் பேனைய எடுத்தன். எழுத வரல்ல. நான் தனிய இருந்து பழகிட்டன் மச்சான், அதும் ஒரு வருத்தம் போலத்தான். உங்களுக்குப் பயந்து நடந்த நடை இன்னும் எண்ட காலுல இருக்கு. உங்களுல எனக்குக் கோபம் இல்ல. கால்தான் கேக்குதில்ல.

கட்டார் விலாசம் பின்பக்கத்துல எழுதியிரிக்கன். மாப்பிள்ளைட கம்பனித் தபால் பெட்டி.

ஆகிலா


நிந்தவூர்
டிசம்பர் 3

ஆகிலா,

பேரன் பொறந்த செய்தியக் கமீலா மதினி வந்து சொன்னா. போன்ல படமும் காட்டினா. சிபானா சுகமா இருக்கிறாள் எண்டு கேட்டுச் சந்தோசம். அவளுக்கு எண்ட சலாத்தச் சொல்லு. நான் வேற என்ன சொல்லணும் எண்டு எனக்குத் தெரியல்ல, நீயே ஏதும் சேர்த்துச் சொல்லு.

வந்து மூணு கிழமையாகிட்டு. விடாத மழை. குசினிப் பக்கம் ஓடு ரெண்டு விலகிக் கிடந்திச்சு, சரிப்படுத்திட்டன். மெசின மூடி வெச்சிரிக்கன், ஈரம் படாம. எடுக்காத அபாயா ஒண்டு கிடந்திச்சு, ஆக்கள் வந்து கேக்க, மதினியக் கூப்பிட்டுக் குடுத்துட்டன். தெருவால போற சனம் கேற்றப் பார்த்துப் போட்டுப் போகுது. சமாதானமாகிட்டாங்க எண்டு கதை போலதான் கிடக்கு. நான் ஒருத்தருக்கும் ஓம் எண்டும் சொல்லல்ல, இல்ல எண்டும் சொல்லல்ல.

கண்டி டாக்குத்தர்ட்டப் போனன். வயசான மனுசன், தமிழ் கதைப்பார். அவர் ஒண்டும் எழுதல்ல, கேட்டுட்டே இருந்தார். அடுத்த மாசமும் வரச் சொன்னார். போவன்.

திருக்கோவிலுக்கும் ஒருக்காப் போனன். போய்க் கடற்கரையில இருந்துட்டு வந்தன். ஆரட்டப் போய் என்னண்டு கேக்கிற? ஒரு தேத்தண்ணிக் கடையில வயசான பொம்புளையள் நாலைஞ்சு பேர் கதைச்சுட்டு இருந்தாங்க. பேச்சு அப்பிடியே அவன்ட பேச்சுத்தான். தேத்தண்ணி ஆறும் வரைக்கும் கேட்டுட்டு இருந்தன். எழும்பி ஓடல்ல.

ஆகிலா, ஒண்டு எழுதணும். நான் இந்த வீட்டுல இருக்கக்குள்ள சத்தம் வேணாம், சத்தம் வேணாம் எண்டுதான் உங்கள வதைச்சன். இப்ப இஞ்ச ஒரு சத்தமும் இல்ல. வேலையால வந்து கதவத் திறந்தா, மழையும் நானும்தான். சோத்தப் போட்டு வெச்சிட்டுப் பார்த்துட்டு இருக்கன். நான் போன நாளிலருந்து நீ இதுக்குள்ளதான் இருந்திரிக்கா. அது எனக்கு ஒலுவில்ல இருந்து தெரியல்ல. நான்தான் தனிய இருக்கன் எண்டு நினைச்சிட்டு இருந்தன்.

உண்ட காலக் கேக்கச் சொல்லி நான் கேக்க மாட்டன். அது எண்ட வேலையாலதான் அப்பிடிப் போச்சு. ஐஸ் பெக்டரி அறையும் எனக்குத்தான் இன்னும் கிடக்கு, உடுப்புப் பெட்டி அங்கதான்.

நீ வாற அண்டைக்கு நான் இஞ்ச நிக்கட்டா, அதுக்கு முந்தி ஒலுவிலுக்குப் போயிரட்டா? அத மட்டும் எழுது. எதெண்டாலும் எனக்குச் சம்மதம். அவசரப்படாத. புள்ளையப் பாரு, ஆறுதலா யோசிச்சு எழுது.

மிஹ்லார்